தலைக்கு ஒரு குல்லா

என் மாமியார் வீடு அந்தமானில் இருக்கிறது. இதைச் சொன்னதும் எதிரே இருப்பவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போலீஸ் பிடித்துக்கொண்டு போனவனை 'மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான்' என்று சொல்லும் ஊர் நம் ஊர். எனக்கோ மாமியார் வீடும் செல்லுலர் ஜெயிலும் ஒரே ஊரில், ஆட்டோவில் பத்து நிமிஷ தூரத்தில். லீவு எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் "எந்த மாமியார் வீடு சார்?" என்று ஆபீசில் யாராவது ஒருவர் கேட்காமல் விட்டதில்லை.

ஊரின் பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். மாமியார் இரண்டையும் சொல்வதில்லை. அவருக்கு அது 'ஊர்'. மற்ற இந்தியா முழுக்க, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை, 'மெயின்லேண்ட்'. "மெயின்லேண்ட்ல இப்ப வெங்காயம் என்ன விலை மாப்பிள்ளை?" என்றுதான் கேட்பார். மாமனாரின் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். அப்போதும் சரி, இப்போதும் சரி, சென்னையிலிருந்து கப்பலில் போனால் சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் விமானக் கட்சி. எனக்கு வரும் தொல்லைகளும் அதனால் விமான சம்பந்தமானவை.

போன வருஷம் பாதுகாப்புச் சோதனை வரிசையில் என் கைப்பை மட்டும் தனியாக ஒதுக்கப்பட்டது. வடக்கத்திப் பையன், புதிதாக வேலைக்கு வந்தவன்போல. பைக்குள் கையை விட்டவன் ஒரு கணம் நின்றான். உருண்டையாக, கனமாக, கம்பளி போர்த்திய ஏதோ ஒன்று கையில் பட்டிருக்கிறது.

"யே க்யா ஹை?"

"ஹெட்," என்றேன்.

"கிஸ்கா ஹெட்?"

யாருடைய தலை என்று கேட்கிறான். என் பின்னால் நின்ற அம்மாள் தன் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார். நான் பள்ளிக்கூட இந்தியை எல்லாம் திரட்டி, கேமரா, ஸ்டாண்டு, மேல் பாகம் என்று கைஜாடையில் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டோபி உதாரியே" என்றான். தொப்பியைக் கழற்றச் சொல்கிறான். நான் அனிச்சையாக என் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவன் சொன்னது பையில் இருந்த தலையின் தொப்பியை.

கழற்றினேன். மாமனாருடைய பழுப்பு நிற மங்கி குல்லாவுக்குள்ளிருந்து என் டிரைபாட் தலை வெளியே வந்து அவனைப் பார்த்தது.

தலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைபாட் என்று நாம் சொல்வதைக் கல்யாண வீடியோக்காரர்கள் ஸ்டாண்டு என்பார்கள். முக்காலி என்றும் சொல்லலாம்தான். ஆனால் முக்காலி என்றால் என் மனைவி அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிடுவாள். மூன்று கால்கள், அவற்றின் மேல் ஒரு தலை. கால்களுக்கு நிற்பது மட்டும்தான் வேலை. திரும்புவது, குனிவது, நிமிர்வது, கேமராவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது எல்லாம் தலையின் பொறுப்பு. ஒரு கால் ஒடிந்தால் செங்கல்லை அடுக்கிச் சமாளிக்கலாம். தலை போய்விட்டால் கையில் மிஞ்சுவது துணி காயப்போட உதவும் மூன்று குழாய்.

இதை நான் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதன்முதலாக ஸ்டாண்டு வாங்கியபோது தலையும் அதோடு சேர்ந்தே வந்தது. மூன்று பக்கமும் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பாணித் தலை. ஒன்று பக்கவாட்டில் திருப்ப, ஒன்று மேலும் கீழும் ஆட்ட, ஒன்று சாய்க்க. மூன்றையும் விரித்துவைத்தால் சூரசம்ஹாரத்துக்குக் கிளம்பியது மாதிரி இருக்கும். கடையில் கொடுத்த மெல்லிய பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி, செக்-இன் கவுண்டரில் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஏறிவிட்டேன்.

அங்கே இறங்கிப் பெல்ட் அருகில் நின்றேன். முதலில் ஒரு கைப்பிடி வந்தது. தனியாக. கறுப்பு நிறம், நுனியில் ரப்பர் பிடி. சூட்கேசுகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே, யாரோ மறந்துவிட்டுப்போன கத்திரிக்காய் மாதிரி அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. யாருடையதோ, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் அது என் முன்னால் வந்தபோது, அதன் பின்னாலேயே ஜிப் பிளந்த என் பையும் வந்தது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. பையின் எடை முழுக்கத் தலைப் பக்கம். எங்கே எப்படிப் போட்டாலும் அது தலைகீழாகத்தான் விழும். தலையோ அச்சில் வார்த்த அலுமினியம். எஃகு என்றால் வளையும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். வார்ப்பு அலுமினியம் வளையாது. மானஸ்தன், உடனே ஒடிந்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி நெம்புகோலாகிவிடுவதால், நுனியில் படும் அடி அடிப்பக்கத்தில் பல மடங்காக இறங்குகிறது. கைப்பிடியோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காலையும் தலையையும் இணைக்கும் நடுத் திருகும் வளைந்துவிட்டது. ஸ்டாண்டைப் பிரித்து நிறுத்தினால் தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஜாதகம் பார்க்க வந்தவர் மாதிரி யோசனையில் நின்றது.

அபர்தீன் பஜாரில் மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்காரர் தமிழர். வளைந்த திருகைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது மூணு நூல் போல்ட்டு சார். நூல் கணக்கெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சு. இப்ப எல்லாம் எம்எம்."

மூன்று நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. ஸ்டாண்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் திருகு இந்த அளவு. தலைக்கும் கேமராவுக்கும் நடுவே இருப்பது கால் அங்குலம். 1841இல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயர் திருகுகளுக்கெல்லாம் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று வகுத்த அங்குலக் கணக்கின் வாரிசுகள் இவை. உலகமே மில்லிமீட்டருக்கு மாறியும் கேமராக்காரர்கள் மட்டும் அங்குலத்தை விடவில்லை. ஜப்பான்காரன் செய்தாலும் ஜெர்மன்காரன் செய்தாலும் கேமராவின் அடியில் இருப்பது அதே கால் அங்குல ஓட்டைதான். உலக ஒற்றுமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி நான் பார்த்ததில்லை. ஆனால் அபர்தீன் பஜாரில் மூன்று நூல் போல்ட் இல்லை.

"எப்ப வரும்?"

"கப்பல் வரட்டும் சார்."

அந்தமானில் எந்தக் கேள்விக்கும் கடைசியில் இதுதான் பதில். உருளைக்கிழங்கு, சிமென்ட், பள்ளிக்கூட நோட்டு, மூன்று நூல் போல்ட், எல்லாமே கப்பல் வரட்டும். இரண்டு வார லீவு முடிந்து நான் திரும்பிய பிறகு அந்தக் கப்பல் வந்திருக்க வேண்டும்.

அடுத்து வாங்கியது பந்துத் தலை. உள்ளே ஒரு உலோகப் பந்து, அதை நாலு பக்கமும் கவ்விப் பிடிக்கும் ஒரு கிண்ணம், பக்கத்தில் ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. இறுக்கினால் ஆணியடித்த மாதிரி அசையாது. நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி எதுவும் கிடையாது. அளவு, உரித்த தேங்காய் அளவு. விலை மட்டும் தோப்பு விலை. இதை இனி ஒருத்தர் கையிலும் கொடுப்பதில்லை, காலிலிருந்து கழற்றித் தலையை மட்டும் கைப்பையில் என்னோடு கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். கேபினில் ஏழு கிலோதான் என்பார்கள். தலை, கேமரா, லென்ஸ் மூன்றையும் வைத்தால் மாற்றுச் சட்டைக்கு இடமிருக்காது. போட்ட சட்டையோடு போய் மாமனார் சட்டையோடு திரும்பிய வருஷங்கள் உண்டு.

மங்கி குல்லா வந்தது மாமனார் புண்ணியத்தில். பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பம் கொல்கத்தா போய் வந்தபோது அன்பாக வாங்கிக் கொடுத்தது. ஜனவரி ராத்திரியில்கூட மின்விசிறி போட்டுத் தூங்கும் ஊரில் மங்கி குல்லாவை என்ன செய்வது? பதினைந்து வருஷமாகப் பீரோவில் ரசகற்பூர வாசனையோடு கிடந்தது. கடையில் பந்துத் தலைக்கென்றே ரப்பர் உறை விற்கிறார்கள்; விலையைக் கேட்டுவிட்டு நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். குல்லாவைத் தலைக்கு மாட்டிப் பார்த்தால், அளவெடுத்துப் பின்னியது மாதிரி இருக்கிறது. திருகு இருக்கும் பக்கம் இரட்டைக் கம்பளி மடிப்பு. முகம் தெரிய விட்ட ஓட்டை வழியே தட்டு மாட்டும் இடம் எட்டிப் பார்க்கிறது. "தலைக்கு உதவாதது தலைக்கு உதவுது பாருங்க மாப்பிள்ளை" என்று மாமனார் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

விமானத்திலிருந்து தலையைக் காப்பாற்றியாயிற்று. உப்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

நீல் தீவில் (2018 டிசம்பரிலிருந்து ஷஹீத் தீவு) கடல் அரித்து உண்டாக்கிய ஒரு கல் பாலம் இருக்கிறது. தண்ணீர் வடியும் நேரத்தில்தான் அதன் அருகில் போக முடியும். பாறைகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் ஸ்டாண்டை இறக்கி நிறுத்திப் படமெடுத்தேன். சிறு அலை வந்தது, தெறித்தது, துடைத்துக்கொண்டேன். படகில் திரும்பும்போது மேல்தளத்தில் கடல்காற்றும் சாரலுமாக இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்து பையை மூலையில் வைத்துவிட்டு, மாமியார் சுட்டுக் கொடுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, மூன்று நாள் தூங்கினேன்.

நாலாம் நாள் குல்லாவைக் கழற்றினால் தலை திருநீறு பூசியிருந்தது. திருகுகளைச் சுற்றிலும் வெள்ளையாக மாவு. எஃகுத் திருகு, அலுமினிய உடம்பு, நடுவே உப்புத்தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பாட்டரி. அதில் கரைந்துபோவது அலுமினியம். குல்லாக் கம்பளி வேறு ஈரத்தை விடாமல் பிடித்துவைத்திருந்தது. அடியிலிருந்து காக்க மாட்டிய குல்லா உப்புக்குப் படுக்கை விரித்துக் கொடுத்திருக்கிறது. பந்து அசையவில்லை. பவளம் நொறுங்கி உண்டான அந்த வெள்ளை மணல் உள்ளே புகுந்து, திருகைச் சுற்றும்போது மிக்சியில் கல் மாட்டிய சத்தம்.

செய்திருக்க வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. கடலிலிருந்து வந்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் காயவைத்துப் பிறகு குல்லா. இது எனக்குத் தெரியும். காலையில் பல் தேய்க்க வேண்டும் என்று என் பையனுக்குத் தெரிந்திருக்கும் அளவுக்குத் தெரியும்.

தலையைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஈரத்துணி எடுத்துவர உள்ளே போனேன். துணியைத் தேடியதில் பத்து நிமிஷம். வெளியே வந்தால் மாமியார் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கிண்ணம். வீட்டு மரத்துத் தேங்காய், செக்கில் ஆட்டிய எண்ணெய். பந்தின் இடுக்கில் விரலால் சொட்டுச் சொட்டாக விட்டு, உள்ளங்கையால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை! என்ன செய்றீங்க?"

"இறுகிப்போச்சுன்னு நீங்கதானே மாப்பிள்ளை புலம்புனீங்க. தலைன்னா எண்ணெய் வைக்க வேண்டாமா? சனிக்கிழமை வேற."

சனி நீராடு என்று சொல்லிவைத்த பாட்டியின் வம்சம். நான் என்ன பதில் சொல்வது? பந்து இப்போது அற்புதமாகச் சுழன்றது. வாங்கிய நாளில்கூட அவ்வளவு வழவழப்பாகச் சுழன்றதில்லை. "பாத்தீங்களா, எப்படி ஓடுது" என்றார், கையைத் தலையில் துடைத்துக்கொண்டே. அவர் தலையில்.

அதில்தான் வினை. பந்துத் தலை கேமராவைப் பிடித்து நிறுத்துவது உராய்வால். கிண்ணமும் பந்தும் ஒன்றையொன்று உராய்ந்து கவ்வினால்தான் நிற்கும். நடுவே எண்ணெய் ஓடினால், வாய்தாவுக்கு வாய்தா வழுக்கும் சாட்சி மாதிரி, எவ்வளவு இறுக்கினாலும் பிடி கிடைக்காது.

இது எனக்கு உடனே தெரியவில்லை. தெரிந்தது ஹேவ்லாக்கில், ஓர் அமாவாசை ராத்திரி. (ஹேவ்லாக்குக்கும் இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர்.) அந்தப் பக்கத்துக் கடலில் நிலா இல்லாத ராத்திரிகளில் சில சமயம் தண்ணீர் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள், அலை கலக்கும்போதெல்லாம் நீலமாக மினுங்கும். காலால் தண்ணீரை எற்றினால் பாதத்தைச் சுற்றி மத்தாப்பு. அதைப் படமெடுக்க ஷட்டரை முப்பது விநாடி திறந்துவைக்க வேண்டும். முப்பது விநாடியும் கேமரா மூச்சுவிடக் கூடாது. அந்தமானுக்கு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போவதே இதற்காகத்தான்.

மைத்துனன் கூட வந்திருந்தான். கொசு பிடுங்கியது. இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு அலை விளிம்பில் நீலம் தெரிந்தது. ஷட்டரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். ஐந்து விநாடி. பத்து விநாடி. இருட்டில் கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அந்த விளக்கு மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது. அவசரமே இல்லை. பெரியவர்கள் முன்னால் நிற்கும் புது மாப்பிள்ளை மாதிரி, மரியாதையாக, ஒரே சீராக, கேமரா குனிந்துகொண்டே போய்க் கடலுக்கு ஒரு கும்பிடு போட்டது. நான் தடுக்கப் போகவில்லை. தொட்டால் படம் ஆடிவிடும் என்ற நினைப்பு.

படத்தில் நீல நிறக் கோடுகள் மேலிருந்து கீழே வழிந்திருந்தன. ஓரத்தில் என் செருப்பு. மைத்துனன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மச்சான், மாடர்ன் ஆர்ட் மாதிரி" என்றான். அவன் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறேன் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் என்னை அவன் தன் சிநேகிதர் ஒருவரிடம் அழைத்துப் போனான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, தீவு தீவாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். படகிலும் லாரியிலும் அவருடைய ஸ்டாண்டு சுற்றாத தீவு இல்லை. அவர் தலை வீடியோத் தலை, உள்ளே கெட்டியான சிலிக்கோன் பசை போட்டது. திருப்பினால் தேன் வடிவதுபோலத் திரும்பும். என் பந்தை முகர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணே, தாளிச்ச வாசனை வருது?"

அவரும் நானும் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக ஒரு மதியம் முழுக்கத் துடைத்தோம். வடைச் சட்டி துலக்கியவர்களுக்கு அந்த வேலை புரியும். துடைக்கத் துடைக்க எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கும். துடைத்தபடியே அவர் எனக்குச் சொன்னதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அவர் தலையைக் கழற்றுவதே கிடையாது. "தினம் கழட்டி மாட்டினா மரை தேஞ்சுடும் அண்ணே. ஒரு நாள் அவசரத்துல குறுக்கு மரையில ஏத்துவீங்க, அன்னியோட முடிஞ்சுது." அதனால் காலோடு தலையைச் சேர்த்தே வைத்து, கைப்பிடியை மட்டும் கழற்றி, தலைக்குப் பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துவிடுவார். டப்பாவுக்குள் பழைய மெத்தை ஸ்பாஞ்சு. வெளியே சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு கட்டு. படகில் மூட்டை ஏற்றும் ஆள் அதை வீசினாலும், அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்தாலும், உள்ளே தலை சொகுசாக இருக்கும். டப்பா வெள்ளை நிறம் என்பதால் இருட்டிலும் தெரியும்.

திருகை இறுக்கிவைப்பதா, தளர்த்திவைப்பதா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. பயணத்தில் தளர்ந்து கிடந்தால் தலை உள்ளே ஆடி ஆடி, திருகே கழன்று எங்காவது உருண்டுவிடும் என்பது என் கட்சி. அதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் வீட்டில் மாதக்கணக்கில் வைக்கும்போது எல்லாவற்றையும் தளர்த்திவிட வேண்டும் என்றார். இறுக்கமாக வைத்தால் உள்ளே அழுத்தும் பாகங்கள் அப்படியே பதிந்துபோகும்.

"ராத்திரி படுக்கும்போது நீங்க பெல்ட்டைத் தளர்த்த மாட்டீங்களா?"

என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உதாரணம் நன்றாகப் பதிந்தது.

காசு வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த தடவை வரும்போது மெயின்லேண்ட்லேருந்து மூணு நூல் போல்ட்டு நாலு வாங்கிட்டு வாங்க" என்றார். அந்தக் கப்பல் இன்னும் வரவில்லைபோலும்.

அந்த வாரத்தில் எல்லோருமாக பாராடாங் போனோம். அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியோடு வண்டிகள் நின்றுவிடும். அங்கிருந்து ஜாராவா மக்களின் காட்டுக்குள் போலீஸ் பாதுகாப்போடு வரிசையாகத்தான் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கவே கூடாது. பழங்குடியினரைப் பாதுகாக்க 1956இல் போட்ட சட்டம். கேமரா, தலை, கால் எல்லாம் பையில் பூட்டிக்கொண்டு டிக்கியில். என் டிரைபாட் தலைக்கு அரசாங்கப் பாதுகாப்பு கிடைத்த ஒரே பயணம் அது.

இதே தீவுகளில் 1879இல் வந்திறங்கிய மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நினைவுக்கு வந்தார். அந்தமானியப் பழங்குடிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். நூற்றுக்கணக்கில் அவர்களைப் படமெடுத்தார். மானுடவியல் ஆராய்ச்சிக்கு எப்படிப் படமெடுப்பது என்று 1896இல் ஒரு கட்டுரையே எழுதினார். அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவும் கண்ணாடித் தகடுகளும் இந்தப் புழுக்கத்தில், இந்தப் படகுகளில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கே கொஞ்சம் பரிதாபம். ஆனால் படங்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவுக்கு ஸ்டாண்டு இருந்தது. எதிரே அளவெடுக்க நிறுத்திவைக்கப்பட்ட மனிதர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆடாமல் நில் என்றால் நிற்க வேண்டியதுதான். ஜன்னல் கண்ணாடியில் காடு ஓடிக்கொண்டிருந்தது. பை டிக்கியிலேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் பையனை செல்லுலர் ஜெயிலுக்குக் கூட்டிப்போனேன். பார்த்ததுதான், இருந்தாலும் அவன் பாடப் புத்தகத்தில் வந்திருக்கிறது. 1906இல் கட்டி முடித்த ஜெயில். நடுக் கோபுரத்திலிருந்து விரிந்த ஏழு கிளைகளில் இன்று மிச்சம் மூன்று. முற்றத்தில் செக்கு வைத்திருக்கிறார்கள். மாட்டுக்குப் பதில் மனிதன் சுற்றிய செக்கு. ஒரு கைதி ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் அடி. பையன், "வ.உ.சி. இழுத்தது இதுவாப்பா?" என்று கேட்டான். இல்லை, அது கோயம்புத்தூர் ஜெயில் என்றேன். முப்பது பவுண்டு என்றால் எத்தனை கிலோ என்று கேட்டான். பதிமூன்றரைக்கு மேல். ஸ்டாண்டை விரிக்கவே இல்லை. ஒரு கிண்ணம் எண்ணெய்க்காக நான் போன வாரம் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கொடுத்த இரண்டு பாட்டில் எண்ணெயை மறு பேச்சில்லாமல் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். இந்த வருஷம் முதல் கால்களை அங்கேயே பரணில் விட்டுவிட்டுத் தலையை மட்டும் எடுத்துவருவது என்று ஏற்பாடு. மாமியார் வீட்டில் காலை விட்டுவிட்டுத் தலையோடு தப்பி வருகிறவன் என்று மைத்துனன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். தலையைக் கழுவி, காயவைத்து, பயணத்துக்கு அளவாக இறுக்கி, குல்லா மாட்டி, கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். மூட்டை கட்டுவது எப்போதும் மாமியார் பொறுப்பு.

சிப்பி வடிவத்தில் கட்டிய புது விமான நிலையம். 2023 ஜூலையில் திறந்தது. சோதனையில் மறுபடியும் என் கைப்பை ஒதுங்கியது. இந்தத் தடவை தமிழ்க்காரர், நடுத்தர வயது, சாந்தமான முகம்.

"சங்கு, பவளம் ஏதாவது எடுத்துட்டுப் போறீங்களா சார்?"

"இல்லைங்க."

பைக்குள் கை விட்டார். கம்பளி. உருண்டை. எனக்கு அனுபவம் வந்துவிட்டது, அவர் கேட்பதற்கு முன்பே, "அது ஹெட்டு சார். கேமரா ஸ்டாண்டு ஹெட்டு. குல்லாவைக் கழட்டிப் பாருங்க" என்றேன், கம்பீரமாக.

கழற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"சபரிமலைக்குப் போறீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சீசன்ல சாமிங்களுக்கு மட்டும் விட்டிருந்தாங்க. மத்தபடி கேபின்ல தேங்காய் அனுமதி இல்ல சார்."

மங்கி குல்லாவுக்குள்ளிருந்து, முக்கண்ணோடு, சுத்தமாக மட்டை உரித்த ஒரு தேங்காய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓரமாக நின்று போன் போட்டேன்.

"ஆமா மாப்பிள்ளை, நம்ம மரத்துத் தேங்காய். புள்ளைக்குப் பர்பி பண்ணிக் குடுங்கன்னு வெச்சேன். கல்லு மண்ணுல பட்டா உடைஞ்சிடுமேன்னு அந்தக் குல்லாயில போட்டேன்."

"என் தலை எங்க அத்தை?"

"அதுவா? அது இரும்புதானே, அதுக்கென்ன ஆகும்? பெட்டியில கருவாட்டுக்குப் பக்கத்துல போட்டிருக்கேன்."

பெட்டி எப்போதோ பெல்ட்டில் போய்விட்டது. தேங்காயை அந்த அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு, வெறும் குல்லாவோடு விமானம் ஏறினேன். இரண்டு மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே மேகம். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்புக் கைப்பிடி தனியாகச் சுற்றிச் சுற்றி வருவதுதான்.

சென்னையில் பெட்டி வந்தது. ஒரு மூலை நசுங்கி, கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து. அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்தேன். சுற்றி நின்றவர்கள் கருவாட்டு வாசனைக்கு விலகிக்கொண்டார்கள். எண்ணெய்ப் பாட்டில் ஒன்று கசிந்திருந்தது. அடியில், கொச்சைக் கயிறால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு முழுத் தேங்காய், மட்டையோடு.

அசைத்துப் பார்த்தேன். கனம் வேறு மாதிரி இருந்தது. கயிற்றை அவிழ்த்ததும் மட்டை நாலு கீற்றாகப் பிரிந்தது. நாருக்கு நடுவே என் பந்துத் தலை, ஒரு கீறல் இல்லாமல். கசிந்த எண்ணெய் வெளி மட்டையோடு நின்றிருந்தது. திருகைத் தொட்டுப் பார்த்தேன், நான் இறுக்கிவைத்த இடத்திலேயே இருந்தது.

கடலில் விழுந்து, வாரக்கணக்கில் மிதந்து, ஏதோ ஒரு தீவில் ஒதுங்கி முளைக்கிற காய்க்கு உறை அது. நிக்கோபாரெல்லாம் அப்படி ஒதுங்கியவற்றின் காடு என்று மாமனார் சொல்வார்.

வீட்டுக்கு வந்து மறுபடி போன் செய்தேன்.

"வந்துச்சா மாப்பிள்ளை?"

"வந்துடுச்சு அத்தை. ஒண்ணும் ஆகலை."

"உரிச்ச மட்டை சும்மாதானே கிடந்துச்சுன்னு சுத்தி வெச்சேன். தூக்கிப் போட்டுடாதீங்க. தேங்காய் நல்லா வந்துச்சா?"

நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பர்பி நன்றாக வந்தது என்றேன்.